காமிராவை எங்கே கட்டுவது?

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் காமிரா அந்நியமான பொருளன்று. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவே அதற்குச் சான்று. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய அந்த நிறுவனம், மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவற்றைத் தந்தது. அக்காலத்து ஸ்டூடியோக் காமிராவைத் தூக்கி வைக்கவே ஆட்கள் வேண்டும். ஆதலால் நடிகர் காமிராவைத் தேடி வந்தார். இன்று காமிரா மனிதனைத் தேடிச் செல்கிறது. அவன் மார்பிலும் மணிக்கட்டிலும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியிலும் ஏறி அமர்ந்துகொள்கிறது.

நம் கல்லூரி இயற்பியல் மன்றம் ஒரு சிறிய வீடியோக் காமிரா வாங்க எண்ணியபோது, எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. சேர்ந்த தொகை பெரிதன்று. ஆனால் அது தறி நெய்வோர், லாரி ஓட்டுவோர், கோழிப்பண்ணையில் வேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகள் கைச்செலவைக் குறைத்துக்கொண்டு கொடுத்த தொகை. ஒருமுறைதான் வாங்க முடியும். நண்பர்கள் சிலர் கொல்லிமலைப் பயணத்தைப் படமாக்கும் ஆக்‌ஷன் காமிராவே வேண்டும் என்றனர். வேறு சிலர் கபடிப் போட்டியும் தெருக்கூத்தும் எடுக்கத்தக்க காம்கார்டர் வேண்டும் என்றனர். கைப்பேசி இருக்க இவையெல்லாம் எதற்கு என்றவர்களும் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை மன்றம் என்னிடம் தந்தது. அங்கே நான் கூறியதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். வீட்டுக்கென்று ஒரு காமிரா வாங்க நினைக்கும் தோழர்களுக்கும் இது பயன்படலாம்.

பெரியது சிறியதான கதை

1983இல் சோனி நிறுவனம் ‘பீட்டாமூவி’ என்ற கருவியை வெளியிட்டது. காமிராவும் நாடாப் பதிவுக் கருவியும் ஒன்றாக இணைந்து, பொதுமக்களுக்கென விற்பனைக்கு வந்த முதல் காம்கார்டர் அதுவே. தோளில் சுமக்க வேண்டிய கருவி அது. பதிவு செய்யும், ஆனால் திரும்பப் போட்டுக் காட்டாது. 1985இல் 8 மில்லிமீட்டர் நாடா வந்ததும் காமிரா கைக்கு இறங்கியது. 1989இல் பாஸ்போர்ட் புத்தகத்தின் அளவு என்ற விளம்பரத்தோடு டி.ஆர். 55 வந்தது. பின்னர் நாடா போய் நினைவட்டை வந்தது.

சாகச விளையாட்டுக்கான காமிராவின் கதை வேறு வழியில் தொடங்குகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த நிக் உட்மன் என்ற இளைஞர் 2002இல் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்கு விளையாடச் சென்றார். அலைமேல் இருக்கும்போதே தாமும் நண்பர்களும் படமெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் முதலில் முயன்றது காமிரா செய்வதற்கன்று, காமிராவை மணிக்கட்டில் கட்டும் ஒரு பட்டை செய்வதற்கே. கிடைத்த காமிராக்கள் அலைக்குத் தாங்கவில்லை என்ற பின்னரே காமிராவையும் சேர்த்து விற்கத் தலைப்பட்டார். 2004இல் ‘கோப்ரோ’ வெளியிட்ட முதல் காமிரா வீடியோக் காமிராவே அன்று, 35 மில்லிமீட்டர் பிலிம் போட்டு நிழற்படம் எடுப்பது. வீடியோ பின்னர் வந்தது.

பட்டை முதலில், காமிரா பிறகு. இந்த வரிசையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் “எத்தனை மெகாபிக்சல்? 4கே உண்டா?” என்று கேட்கிறார். கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்தக் காமிரா எங்கே இருக்கப் போகிறது? அங்கிருந்து எது தெரிய வேண்டும், எது கேட்க வேண்டும்?” என்பதே. இதற்கு விடை கிடைத்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அருகிலா, தொலைவிலா?

ஆக்‌ஷன் காமிராவின் வில்லை மிக அகன்ற காட்சியைப் பிடிப்பது. மார்பில் கட்டினால் கைகள், வண்டியின் கைப்பிடி, சாலை, மலைச்சரிவு அனைத்தும் ஒரே சட்டத்தில் அடங்கும். ஆனால் அதற்கு ஒளியியல் ஜூம் கிடையாது. இதன் விளைவை எளிய கணக்கால் அறியலாம்.

90 டிகிரி அகலம் பார்க்கும் வில்லை, 20 மீட்டர் தொலைவில் 40 மீட்டர் அகலமுள்ள காட்சியைப் பிடிக்கும். அரை மீட்டர் தோளகலம் உள்ள கபடி வீரர் அந்தச் சட்டத்தில் 80இல் ஒரு பங்கு. 4கே படத்தின் அகலம் 3,840 புள்ளிகள் ஆதலால், வீரருக்குக் கிடைப்பவை 48 புள்ளிகள் மட்டுமே. அதே இடத்தில் ஜூம் உள்ள காம்கார்டரை வைத்துக் காட்சிக் கோணத்தை 10 டிகிரியாகச் சுருக்கினால், சட்டத்தின் அகலம் சுமார் மூன்றரை மீட்டர். வீரர் அதில் ஏழில் ஒரு பங்கு. 1,920 புள்ளிகளே உள்ள சாதாரண முழு எச்.டி. படத்திலும் அவருக்கு 270 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும். 4கே என்ற பெயர் இங்கே தோற்கிறது, வில்லை வெல்கிறது.

ஆத்தூர் வட்டாரத்துக் கூலமேட்டில் ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பார்வையாளர் தடுப்புக்கு வெளியேதான் நிற்க வேண்டும், நிற்பதே முறை. அங்கிருந்து காளையின் திமிலும் வீரரின் பிடியும் தெரிய ஜூம் வேண்டும். அதற்காக ஆக்‌ஷன் காமிராவோடு தடுப்பைத் தாண்டுவது அறிவுடைமை ஆகாது.

காம்கார்டர் வாங்குவோர் ஓர் எச்சரிக்கையை நினைவில் கொள்க. உடலின்மேல் நூற்றுக்கணக்கில் அச்சிட்டிருக்கும் ஜூம் எண் டிஜிட்டல் ஜூம். அது இருக்கும் புள்ளிகளை ஊதிப் பெரிதாக்குவதே தவிர வேறன்று. ஒளியியல் ஜூம் என்று தனியே குறித்திருக்கும் சிறிய எண்ணே உண்மையான எண்.

நடுக்கமும் வெளிச்சமும்

ஓடுபவனின் காமிரா நடுங்கும். இந்நடுக்கத்தைப் போக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வில்லையையோ உணரியையோ காமிராவுக்குள்ளேயே எதிர்த்திசையில் அசைப்பது. இரண்டாவது, படத்தின் ஓரங்களை இருப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சட்டத்தையும் நகர்த்தி வெட்டுவது. இன்றைய ஆக்‌ஷன் காமிராக்களின் வழி இதுவே. மூன்றாவது, கிம்பல் என்னும் மோட்டார் தாங்கியில் காமிரா முழுவதையும் நிலையாகப் பிடிப்பது. 2018இல் டி.ஜே.ஐ. வெளியிட்ட ‘ஆஸ்மோ பாக்கெட்’ இவ்வகையைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது.

இரண்டாம் வழிக்கு வெளிச்சம் தேவை என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. வெளிச்சம் குறைந்தால் காமிரா ஒவ்வொரு சட்டத்துக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்குகிறது. அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் அந்தச் சட்டமே மங்கலாகிவிடும். சட்டத்தை நகர்த்தலாம், மங்கலை நீக்க முடியாது. பகலில் நீரோட்டம்போல் ஓடும் படம், மாலையில் துடிதுடிப்பது இதனால்தான்.

வெளிச்சத்தை வாங்கும் பரப்பும் முக்கியம். பல ஆக்‌ஷன் காமிராக்களில் வெகுகாலம் இருந்த 2.3இல் 1 அங்குல வகை உணரி, ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். 2023இல் வந்த ஆஸ்மோ பாக்கெட் 3இல் உள்ள 1 அங்குல வகை உணரி, 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். (இந்த ‘அங்குலம்’ பழைய காமிராக் குழாய்களின் காலத்துப் பெயர், அளவுகோலால் அளந்தால் வராது.) பரப்பில் இரண்டாவது முதலாவதைப்போல் நான்கு மடங்கு. கோயில் திருவிழாவும் கூத்தும் இரவில் நடப்பவை. ஆகவே இந்த எண்ணைப் பாராமல் வாங்கலாகாது.

குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காமிரா பழுது என்று எண்ண வேண்டாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. வினாடிக்கு 25 சட்டம் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் சரியாக நான்கு துடிப்பு. 30 சட்டம் எடுத்தால் மூன்றும் மூன்றில் ஒன்றும் ஆகிறது. கணக்கு இசையாததால் பட்டை ஓடுகிறது. அமெரிக்க மின்சாரத்துக்கு ஏற்ற 30 என்ற எண்ணை மாற்றி, 25 அல்லது 50 சட்டம் வைத்து, ஷட்டரை 50இல் 1 அல்லது 100இல் 1 வினாடி ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். செலவில்லாத மருத்துவம் இது!

கேட்க வேண்டியதும் உண்டு

எங்கள் வீட்டில் 1990களில் எடுத்த ஒரு கல்யாணக் கேசட் இருக்கிறது. என் அம்மாவின் தந்தை கூத்தில் வேடம் கட்டியவர். பந்தலில் உறவினர் கேட்டுக்கொண்டதற்காக எழுந்து நின்று பாடுகிறார். ஆனால் படத்தைத் தொகுத்தவர் இயற்கை ஒலியை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைச் சேர்த்திருக்கிறார். அன்றைக்கு எல்லோரும் செய்த வழக்கம்தான் அது. தாத்தாவின் வாய் அசைகிறது, கை தாளம் போடுகிறது, கேட்பதோ வேறொருவர் குரல். தாத்தா இன்று இல்லை. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவும் இல்லை. அம்மா அந்தப் பகுதி வரும்போது ஒலியை முழுதும் குறைத்துவிட்டுப் பார்ப்பார்.

ஆதலால் நான் காமிராக்களை ஒப்பிட்டபோது ஒலிக்குத் தனி இடம் கொடுத்தேன். நீர் புகாதபடி மூடிய ஆக்‌ஷன் காமிராவின் ஒலிவாங்கி சிறியது. காற்றில் இரைச்சலும், தொலைவில் மங்கலும் தரும். வெளி ஒலிவாங்கியைச் செருக இடமுள்ள கருவி, ஒலியின் அளவைக் கையால் கட்டுப்படுத்த விடும் கருவி, காதில் மாட்டிக் கேட்கத் துளையுள்ள கருவி ஆகியவையே கூத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் ஏற்றவை. அத்தகைய வசதி இல்லையென்றால், கைப்பேசி ஒன்றைப் பாடுபவரின் அருகில் வைத்து ஒலியை மட்டும் பதிந்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, பின்னர் அந்தத் தட்டலைக் கொண்டு படத்தோடு பொருத்தலாம். சினிமாக்காரர்களின் கிளாப் பலகை செய்வதும் அதே வேலைதான்.

வெயில், தூசி, மின்கலம்

சித்திரை, வைகாசியில் நம் ஊரில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மூடிய சிறு பெட்டிக்குள் 4கே பதிவு செய்யும்போது உள்ளேயும் சூடு பிறக்கிறது. ஓடும் வண்டியில் காற்று அதை அகற்றும். விளையாட்டுத் திடலில் தாங்கியின்மேல் அசையாது நிற்கும் காமிராவுக்கு அந்த உதவி இல்லை. அது சூடேறித் தானே நின்றுவிடக்கூடும். துண்டால் நிழல் கொடுப்பதும், 4கேயை விட்டு முழு எச்.டி.க்கு இறங்குவதும் நல்ல பரிகாரங்கள். தூசிக்கும் நீருக்கும் ஆக்‌ஷன் காமிராவே அரசன். 2016இல் வந்த கோப்ரோ ஹீரோ 5 தனி உறையின்றியே 10 மீட்டர் ஆழம் தாங்கியது. கொல்லிமலை ஆகாய கங்கை அருவியின் சாரலில் காம்கார்டரைத் திறப்பது கூடாது.

நினைவட்டைக் கணக்கையும் பார்ப்போம். 4கே பதிவு வினாடிக்கு 100 மெகாபிட் என்றால், எட்டால் வகுக்க 12.5 மெகாபைட். ஒரு மணிக்கு 45 ஜிகாபைட். எட்டு மணி நேரக் கூத்துக்கு 360 ஜிகாபைட். முழு எச்.டி. பதிவு 16 மெகாபிட் என்றால் மணிக்கு 7.2 ஜிகாபைட் ஆகும். எட்டு மணி நேரத்துக்கு 57.6 ஜிகாபைட், 64 ஜிகாபைட் அட்டை ஒன்றிலேயே அடங்கும். அட்டையில் வி30 என்ற குறி இருந்தால் வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதுபோல், நல்ல காமிரா வாங்கிவிட்டு மலிவான போலி அட்டையைப் போடக்கூடாது. விடியவிடிய நடக்கும் நிகழ்ச்சிக்குச் சுவர் மின்சாரத்திலோ பவர் பேங்கிலோ இயங்கிக்கொண்டே பதிவு செய்யும் கருவிதான் உதவும்.

மலைச்சாலையில் ஒரு வார்த்தை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுச் சாலையில் 20. வார இறுதிகளில் நம் தோழர்கள் காமிராவோடு அங்கே செல்வது எனக்குத் தெரியும். அவர்களுக்கு இயற்பியல் மாணவன் என்ற முறையில் சில உண்மைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

அகன்ற வில்லை செங்குத்தான சரிவையும் சாதுவானதாகக் காட்டும். நேரில் நெஞ்சு பதைத்த பள்ளம் படத்தில் மேடு பள்ளமற்ற பாதைபோல் தெரியும். அதைக் கண்டு ஏமாந்து, அடுத்த முறை இன்னும் வேகமாக ஓட்டத் தோன்றும். இது வில்லையின் குணம், ஓட்டுபவரின் குறை அன்று. வேகம் படத்தில் தெரிய வேண்டுமானால் வண்டியை விரட்ட வேண்டியதில்லை. காமிராவைத் தாழ்வாக, சாலைக்கு அருகில் பொருத்துங்கள். அருகிலுள்ள பொருள் சட்டத்தை விரைந்து கடக்கும். 30 கிலோமீட்டர் வேகமே பறப்பதுபோல் தோன்றும்.

தலைக்கவசத்தின்மேல் கட்டுவதைவிட மார்புப் பட்டை நல்லது. கீழே விழுந்தால் வழுக்கிச் செல்வதற்காகவே கவசம் வழவழப்பாகச் செய்யப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு கட்டியை ஒட்டுவது அந்த நோக்கத்துக்கு எதிரானது. பதிவு பொத்தானைக் காரவள்ளியிலேயே அழுத்திவிட்டு, மேலே சென்று வண்டியை நிறுத்திய பிறகுதான் தொட வேண்டும். விலை மிகுந்த கைப்பேசியைக் கைப்பிடியில் மாட்டுவதும் வேண்டாம். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் காமிராவின் நடுக்கம் நீக்கும் பொறியைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் அறிவித்தது.

மன்றத்துக்குச் சொன்ன முடிவு

நீரிலும் புழுதியிலும் வண்டியிலும் உடலோடு சேர்ந்து செல்ல வேண்டுமெனில் ஆக்‌ஷன் காமிரா. தொலைவிலுள்ளதை நெருக்கமாகக் காட்டவும், நீண்ட நேரம் பதியவும், நல்ல ஒலி பெறவும் வேண்டுமெனில் காம்கார்டர். நடந்துகொண்டே பேசி எடுக்கவும், மாலை வெளிச்சத்தில் வீட்டு நிகழ்ச்சிகளை எடுக்கவும் கிம்பல் உள்ள பாக்கெட் காமிரா. அன்றாடத் தேவைக்குக் கைப்பேசியும் ஒரு சிறிய முக்காலியும் போதும். எல்லாவற்றையும் ஒரே கருவி செய்யும் என்பவரை நம்ப வேண்டாம்.

மன்றத்தின் தேவைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். கபடி, விளையாட்டு விழா, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், கிராமத்துக் கூத்து ஆகிய நான்கில் மூன்றுக்குத் தொலைவும் ஒலியும் வேண்டும். எனவே ஒலிவாங்கித் துளையும் ஒளியியல் ஜூமும் உள்ள, நினைவட்டையில் பதியும் காம்கார்டரைப் பழையதாகவேனும் வாங்குவது என்று முடிவாயிற்று. கைப்பேசிகள் பெருகிய பின் வீட்டுக் காம்கார்டர் வகைகள் குறைந்துவிட்டன. ஆதலால் பழையது வாங்குவோர், மாற்று மின்கலம் கிடைக்கிறதா, வில்லையில் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழு ஜூமில் ஒரு தொலைதூரப் பனைமரத்தைப் பத்து நிமிடம் எடுத்துப் பார்த்து, ஒலியையும் காதில் கேட்ட பின்னரே பணத்தை எண்ண வேண்டும். மலையேறும் நண்பர்கள் ஆக்‌ஷன் காமிராவைத் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ள இசைந்தனர்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். காமிரா விஷயத்தில் விரல் என்பது நம் பணம் மட்டுமன்று, நம் நோக்கமும்தான். நம் ஊர்களில் இன்னும் படமாகாத ஆட்டமும் பாட்டும் தொழிலும் நிறைய உள்ளன. ஆடுபவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. பேராசிரியப் பெருமக்களும் மாணவத் தோழர்களும் தத்தம் ஊரில் ஒருவரையேனும், அவர் முகம் தெரியவும் குரல் கேட்கவும், இந்த ஆண்டே பதிந்து வைப்பார்களாயின் அந்தச் சிறிய கருவிக்குக் கொடுத்த விலை வீண்போகாது.